கருவின் கணையத்தில் தோன்றி மறையும் செல்கள்: இன்சுலின் சுரப்பவை எங்கிருந்து வருகின்றன?

சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை வந்துவிட்டது என்ற பேச்சு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இப்போது பரவலாகக் காதில் விழுகிறது. அந்தப் பேச்சுக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது உண்மையான அறிவியல் செய்தி. ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையத் திட்டுகளை, அதாவது இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களை, முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர், ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்ற ஆய்வு முடிவு 2025 ஜூன் மாதம் வெளியானது. இரண்டாவது வியாபாரம். பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைக் கட்டணம் கட்டிச் சேமித்து வைத்தால் பின்னாளில் சர்க்கரை நோய் உட்பட எல்லாவற்றுக்கும் மருந்தாகும் என்று, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் பெண்ணின் பெற்றோரிடம் சொல்லப்படுகிறது.

இரண்டிலும் ஸ்டெம் செல் என்ற பெயர் வருகிறது. அதற்கு மேல் இரண்டுக்கும் உறவு கிடையாது. ஏன் கிடையாது என்பது விளங்க வேண்டுமானால், தாயின் வயிற்றில் கணையம் எப்படி உருவாகிறது என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே சில வாரங்கள் மட்டும் தலைகாட்டிவிட்டு மறையும் விசித்திரமான செல்கள் இருக்கின்றன. இன்சுலின் சுரக்கும் செல்லின் பூர்வீகம் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, அந்தச் செல்களைப் பார்த்து ஆராய்ச்சியாளர்கள் குழம்பி, வாதிட்டு, திருத்திக்கொண்டதால் கிடைத்தது.

## ஒரே உறுப்பில் இரண்டு தொழில்

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் சுரப்பி. அதன் மிகப் பெரும் பகுதி செரிமான நொதிகளைச் சுரந்து, நாளம் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அந்தத் திசுவின் நடுவே சிறு சிறு செல் கூட்டங்கள் சிதறிக் கிடப்பதை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் கண்டார். அவை எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. இன்று அவற்றை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்கிறோம். கணையத்தின் எடையில் இவை ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான். எண்ணிக்கையிலோ ஏறத்தாழ பத்து லட்சம்.

வளர்ந்தவரின் திட்டில் முக்கியமாக ஐந்து வகைச் செல்கள் உண்டு. இன்சுலின் சுரக்கும் பீட்டா, குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா, இவ்விரண்டையும் அடக்கும் சொமட்டோஸ்டேட்டினைச் சுரக்கும் டெல்ட்டா, கணையப் பாலிபெப்டைடு சுரக்கும் பிபி செல், கிரெலின் சுரக்கும் எப்சிலான். கடைசியாகச் சொன்ன எப்சிலான் வளர்ந்தவரிடம் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. அதன் கதைக்குப் பிறகு வருவோம்.

கருவின் கணையம் வளர்ந்த கணையத்தின் சிறிய நகல் அன்று. இதை 1921இலேயே டொரண்டோவில் பிரெடரிக் பான்டிங் பயன்படுத்திக்கொண்டார். வளர்ந்த விலங்கின் கணையத்தை அரைத்தால் அதன் செரிமான நொதிகளே இன்சுலினைச் சிதைத்துவிடும் என்பது அவர் கவலை. கருவிலிருக்கும் கன்றின் கணையத்தில் திட்டுகள் முந்திக்கொள்கின்றன, நொதிச் சுரப்பு பிந்துகிறது. அதனால் அவரும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் கருக் கன்றுகளின் கணையத்திலிருந்து சாறு எடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது. இன்சுலினின் வரலாற்றிலேயே கருவின் கணையத்துக்கு இப்படி ஓர் இடம் உண்டு.

## கருவில் நடக்கும் பிரிவுகள்

மேட்டூரிலிருந்து வரும் காவிரி, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டுக் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் விழுந்த தண்ணீர் நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என்ற நீர் பிரியும் இடத்தில் மறுபடி பிரிந்து கோரையாறாகவும் பாமணியாறாகவும் போகும். கும்பகோணத்துக் காவிரிக்குத் திரும்பாது. கருச் செல்லின் பயணமும் இத்தகையதே. ஒவ்வொரு தலைப்பிலும் அதற்கு ஒரு வழி திறக்கிறது, மற்ற வழிகள் அடைபடுகின்றன. எல்லா வழிகளும் இன்னும் திறந்திருக்கும் செல்லைத்தான் முழுத்திறன் ஸ்டெம் செல் என்கிறார்கள். சில வழிகள் மட்டும் மிச்சமிருந்தால் அது முன்னோடி செல்.

கணையத்துக்கான தலைப்புகள் இவை:

1. மூன்றாம் வாரத்தில் கரு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. உள் அடுக்கிலிருந்து குடல், கல்லீரல், நுரையீரல், கணையம் ஆகியவை வரும். நடு அடுக்கிலிருந்து ரத்தமும் தசையும் எலும்பும். வெளி அடுக்கிலிருந்து தோலும் நரம்பும். ரத்தமும் கணையமும் இங்கேயே பிரிந்துவிடுகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. நான்காம் வாரத்தில் குடலாக வேண்டிய குழாயின் ஒரு பகுதியில் பிடிஎக்ஸ்1 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் முதுகுப்பக்கம் ஒன்றும் வயிற்றுப்பக்கம் ஒன்றுமாக மொட்டுகள் கிளம்புகின்றன. இந்த மரபணு இரு பிரதியிலும் பழுதான எலிகளுக்குக் கணையமே உருவாகவில்லை என்பது 1994இல் தெரிந்தது. அதே பழுதால் கணையமின்றிப் பிறந்த மனிதக் குழந்தை பற்றிய விவரம் 1997இல் வெளியானது.

3. குடல் சுழலும்போது வயிற்றுப்பக்க மொட்டு பின்னால் திரும்பி முதுகுப்பக்க மொட்டுடன் ஒட்டிக்கொள்கிறது. சிலருக்கு இரண்டின் நாளங்களும் இணையாமலே நின்றுவிடுவதுண்டு. பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

4. மொட்டுக்குள் கிளைவிடும் குழாய்களின் சுவரில், அங்கங்கே சில செல்களில் மட்டும் நியூரோஜெனின்-3 என்ற மரபணு சிறிது காலம் இயங்குகிறது. அது இயங்கிய செல், நொதி சுரக்கும் வழியை விட்டு ஹார்மோன் சுரக்கும் வழிக்கு வந்துவிட்டது என்று பொருள். பிறகு அது ஆல்ஃபாவாகவோ பீட்டாவாகவோ வேறொன்றாகவோ முடிவாகிறது.

எலியின் கருவில் முதலில் தெரிவது குளுக்ககான் செல். மனிதக் கருவில், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில், இன்சுலின் செல் முந்துகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது ஒன்றே போதுமான எச்சரிக்கை.

## வகைப்பாட்டுக்குள் அடங்காத செல்கள்

முதல் விசித்திரம், இரண்டு ஹார்மோன்களை ஒரே செல் வைத்திருப்பது. மனிதக் கருவின் ஆரம்ப வாரங்களில் இன்சுலினும் குளுக்ககானும் ஒரே செல்லுக்குள் இருப்பதைக் காணலாம். ஒன்று ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது, மற்றது கூட்டுவது. நேர்மாறான இரண்டும் ஒரே இடத்தில். இதைப் பார்த்தவுடன், இதுதான் ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் பொதுவான தாய்ச் செல் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். எவருக்கும் தோன்றக்கூடிய ஊகம்தான். அது தவறு என்று பிற்பாடு நிரூபணமானது.

இரண்டாவது எப்சிலான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 1999இல் இரைப்பையில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு கருவின் கணையத்தில் தேடியபோது, வளர்ந்தவரிடம் அரிதான இந்தச் செல் அங்கே கணிசமாக இருந்தது. 2004இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. என்கேஎக்ஸ்2.2 என்ற மரபணுவை நீக்கிய எலிகளில் பீட்டா செல்களின் இடத்தைக் கிரெலின் செல்கள் பிடித்திருந்தன. பீட்டாவாக வேண்டிய செல், வழிகாட்டும் மரபணு ஒன்று இல்லாததால், எப்சிலானாகிவிடுகிறது. எலிக் கருவில் கிரெலின் சுரந்த செல்களின் வாரிசுகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவற்றில் ஒரு பகுதி பின்னாளில் ஆல்ஃபாவாகவும் பிபி செல்லாகவும் மாறியிருந்தன. ஒரு ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிட்டால் செல்லின் தலையெழுத்து முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தவர்கள் திரும்ப யோசிக்க வேண்டி வந்தது.

மூன்றாவது காஸ்ட்ரின் செல். காஸ்ட்ரின், இரைப்பையில் அமிலம் சுரக்கச் சொல்லும் ஹார்மோன். எலி இனங்களின் கருக் கணையத்தில் அது சில காலம் சுரக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. வளர்ந்தவரின் இயல்பான கணையத்தில் காஸ்ட்ரின் செல் கிடையாது. ஆனால் காஸ்ட்ரினைக் கொட்டும் கட்டிகள் கணையத்தில் வருவதுண்டு; அவற்றால் தீராத இரைப்பைப் புண் உண்டாவதை 1955இல் ஸோலிங்கர், எலிசன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர்கள் விவரித்தார்கள். இல்லாத செல்லிலிருந்து கட்டி எப்படி வரும் என்ற கேள்விக்கு, கருக்காலத்தில் ஓய்ந்துபோன திட்டம் மறுபடி விழித்துக்கொள்வதே விடையாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

## பார்வைக்கு நரம்பு, பிறப்பால் குடல்

பூர்வீகம் பற்றிய வாதங்களில் மிகப் பெரியது இது. திட்டு செல்களுக்கும் நரம்பு செல்களுக்கும் ஒற்றுமை அதிகம். சில நொதிகள் இரண்டிலும் உண்டு. நியூரோஜெனின் என்ற மரபணுக் குடும்பமே நரம்பு வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது. ஆகவே கருவின் முதுகுப்பக்கத்தில் நரம்புகளுக்கு மூலமாகும் நரம்புமுகடு என்ற பட்டையிலிருந்து கிளம்பிக் குடல்பக்கம் குடியேறிய செல்களே இவை என்று 1960களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் பியர்ஸ் முன்வைத்த கருத்து பெரும் செல்வாக்குப் பெற்றது.

அதைச் சோதித்தவர் பிரான்ஸின் நிக்கோல் லெ டுவாரன். காடையின் செல் உட்கருவும் கோழியின் செல் உட்கருவும் நுண்ணோக்கியில் வேறு வேறாகத் தெரியும். அவர் காடைக் கருவின் நரம்புமுகட்டை எடுத்துக் கோழிக் கருவில் பொருத்தினார். குஞ்சு உருவான பிறகு எந்தச் செல் காடையுடையது, எது கோழியுடையது என்று பார்த்தாலே போதும். கணையத்துக்குள் ஓடும் நரம்புகள் காடையுடையவை. இன்சுலின், குளுக்ககான் செல்கள் கோழியுடையவை. அதாவது திட்டு செல்கள் நரம்புமுகட்டிலிருந்து வரவில்லை. குடலின் உள் அடுக்கிலேயே பிறந்தவை. இத்துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று இது. ஒரு செல் எதைப் போல் இருக்கிறது என்பதும், அது எங்கிருந்து வந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை அது ஐயமறக் காட்டியது.

பின்னர் வந்த மரபணு உத்தி இதே யோசனையை எலிக்குள் கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட மரபணு இயங்கும் செல்லில் மட்டும் அழியாத அடையாளம் ஒன்று பதியும்படி செய்துவிடுகிறார்கள். அந்த மரபணு பின்னர் நின்றுபோனாலும் அடையாளம் வாரிசுகளில் தொடரும். இந்த வழியில் தெரியவந்தவை பல. குளுக்ககான் மரபணு இயங்கிய செல்களின் வாரிசாக இயல்பான பீட்டா செல்கள் வருவதில்லை. ஆகவே இரட்டை ஹார்மோன் செல், வளர்ந்த பீட்டாவின் தாய் அன்று. திட்டின் ஹார்மோன் செல்கள் அனைத்தும் நியூரோஜெனின்-3 இயங்கிய செல்களின் வாரிசுகள் என்று 2002இல் டக்ளஸ் மெல்டனின் ஹார்வர்ட் ஆய்வகம் காட்டியது. அதே ஆய்வகம் 2004இல், வளர்ந்த எலியில் புதிதாக வரும் பீட்டா செல்கள் ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்லிலிருந்து வராமல், இருக்கும் பீட்டா செல்களே இரண்டாகப் பிரிவதால் வருகின்றன என்று காட்டியது. வளர்ந்த கணையத்தில் ஸ்டெம் செல் ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்ற வாதம் அதோடு முற்றிலும் அடங்கிவிடவில்லை. ஆனால் நிரூபிக்கும் சுமை, உண்டு என்று சொல்பவர் பக்கம் போய்விட்டது.

மனிதரில் பீட்டா செல் பிரிதல் கைக்குழந்தைப் பருவத்தில்தான் வேகமாக நடக்கிறது. பிறகு சட்டென்று தணிகிறது. அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ அடையாளமாகக் கொண்டு செல்களின் வயதை அளந்த ஆய்வு, முப்பது வயதுக்குப் பின் புதுப் பீட்டா செல்கள் தோன்றுவது மிகக் குறைவு என்று 2010இல் தெரிவித்தது.

வழி அடைபட்டால் அடைபட்டதுதானா? எப்போதும் அப்படியில்லை, இந்த இடத்தில் செல் ஆற்றிலிருந்து வேறுபடுகிறது. எலியின் பீட்டா செல்களை ஏறத்தாழ முழுவதும் அழித்தபோது, ஆல்ஃபா செல்கள் சில தாமாகவே இன்சுலின் சுரக்கத் தொடங்கியதை ஜெனீவா ஆய்வாளர்கள் 2010இல் கண்டார்கள். எண்ணிக்கை குறைவு, நிலைமையும் செயற்கையானது. ஆனாலும் வருங்காலத்துக்கு மிக முக்கியமான கண்டுபிடிப்பு அது.

## ஆய்வகத்தில் நேர்ந்த ஏமாற்றங்கள்

மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை முதலில் ஆய்வகத்தில் வளர்த்தது 1998இல். 2001இல் எலியின் கரு ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் செல்களை உருவாக்கிவிட்டதாக ஒரு கட்டுரை வெளியாகி உலகமே பேசியது. சாயமிட்டுப் பார்த்தால் செல்லுக்குள் இன்சுலின் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து மெல்டனின் ஆய்வகம் காரணத்தைக் கண்டுபிடித்தது. செல்கள் வளர்ந்த திரவத்திலேயே இன்சுலின் கலந்திருந்தது. செல்கள் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தன. தாமாகத் தயாரிக்கவில்லை.

அடுத்த கட்டத்தில் ஆய்வாளர்கள் கருவின் வழியையே படிப்படியாகப் பின்பற்றினார்கள்: முதலில் உள் அடுக்கு, பிறகு முன்குடல், பிறகு பிடிஎக்ஸ்1 நிலை, பிறகு நியூரோஜெனின்-3. 2006இல் இந்த முறையில் ஹார்மோன் செல்கள் கிடைத்தன. ஆனால் அவற்றில் பல, இன்சுலினையும் குளுக்ககானையும் சேர்த்து வைத்திருந்த அதே இரட்டை ஹார்மோன் செல்கள். குளுக்கோஸைக் கூட்டினாலும் சரிவர அசையவில்லை. எலிக்குள் வைத்தபோது அவை பெரும்பாலும் ஆல்ஃபா செல்களாகவே முதிர்ந்தன. கருவின் ஆரம்ப வாரங்களில் தெரிந்த விசித்திரம் ஆய்வகத்தில் அப்படியே திரும்பி வந்திருந்தது. நியூரோஜெனின்-3 அவசரப்பட்டு விழித்துக்கொண்டால் செல் தவறான வழிக்குப் போகிறது என்று இதிலிருந்து புரிந்துகொண்டு, காலத்தைத் திருத்தினார்கள். 2014இல் மெல்டனின் குழுவும் கனடா, அமெரிக்க ஆய்வாளர்களின் மற்றொரு குழுவும் குளுக்கோஸுக்கு ஏற்ப இன்சுலின் விடும் செல்களை உருவாக்கியதாக அறிவித்தன.

அப்போதும் கலப்பு தீரவில்லை. ஒவ்வொரு செல்லாக மரபணு இயக்கத்தைப் படிக்கும் உத்தியால் 2019இல் பார்த்தபோது, பீட்டா செல்களுக்கு இடையே செரட்டோனின் சுரக்கும், குடலுக்குரிய செல்களைப் போன்றவை கணிசமாக இருந்தன. பீட்டாவும் குடலின் ஹார்மோன் செல்லும் பக்கத்துப் பக்கத்து வழிகள் என்பதால் இப்படி நேர்கிறது.

இத்தனை திருத்தங்களுக்குப் பிறகுதான் 2025இன் முடிவு வருகிறது. உள்ளே இன்சுலின் இருக்கிறது என்பதைப் பார்த்து எந்தச் செல்லையும் நம்பக் கூடாது, அது எந்த வழியில் வந்தது, குளுக்கோஸுக்கு மறுமொழி தருகிறதா என்று கேட்க வேண்டும் என்ற பாடத்துக்கு இருபது ஆண்டு செலவாகியிருக்கிறது.

## டெல்டா குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. 2025 ஜூனில் முடிவு வெளியான அந்த ஆய்வு முதல் வகை சர்க்கரை நோயாளிகளுக்கானது. உடலின் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்லை அழிப்பது முதல் வகை. ஆய்வில் சேர்ந்தவர்கள், சர்க்கரை திடீரென்று இறங்குவதை உணர முடியாமல் ஆபத்துக்குள்ளானவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை. அவர்களுக்கு இந்தச் சிகிச்சை சோதிக்கப்படவில்லை.

2. செல்கள் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாயில் செலுத்தப்பட்டன. பிறர் செல் என்பதால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்களில் இருவர் இறந்தார்கள். ஒருவருக்குக் காரணம் மூளைச் சவ்வைத் தாக்கிய பூஞ்சைத் தொற்று. மற்றவருக்கு முன்பே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியது. நோயாளியின் சொந்தச் செல்லையே ஸ்டெம் செல்லாக்கிப் பயன்படுத்திய முயற்சி ஒன்றை, 25 வயதுப் பெண் ஒருவரிடம் செய்ததாகச் சீன ஆய்வாளர்கள் 2024இல் தெரிவித்தார்கள். அவர் இன்சுலின் ஊசியை விட்டார். ஆனால் கல்லீரல் மாற்றத்துக்காக அவர் ஏற்கெனவே எதிர்ப்பு அடக்கி மருந்தில் இருந்தவர்.

3. தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை ரத்த ஸ்டெம் செல்கள். அவை நடு அடுக்கின் வழியில் வந்தவை. மூன்றாம் வாரத்திலேயே கணையத்தின் வழியை விட்டு விலகியவை. ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு, பொருந்தும் வேறொருவருக்கு அவை உதவும். முதல் வகை நோயுள்ள குழந்தைகளுக்கு அவர்களுடைய சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றிப் பார்த்த புளோரிடா ஆய்வில் இன்சுலின் சுரப்பு காக்கப்படவில்லை. குழந்தையின் பிற்காலச் சொந்த உபயோகத்துக்கென்று தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. குறுவை அறுத்த பணத்தை அதில் போட வேண்டாம்.

4. இந்தியாவின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றம் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆய்வு நிலையில் உள்ளவையே. உண்மையான ஆய்வு, இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கும். அதை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடம் இந்த இரண்டு சோதனைகளிலேயே தோற்றுவிடும்.

5. இன்றே பயன்படும் செய்தி ஒன்று உண்டு, அதுதான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. பிறந்த ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தால் அது பெரும்பாலும் முதல் வகை அன்று. ஒற்றை மரபணுப் பழுது. பிடிஎக்ஸ்1 போன்றவற்றில் பழுதானால் கணையமே இராது அல்லது மிகச் சிறிதாயிருக்கும். உறவுக்குள் திருமணம் செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளிடம் இத்தகைய இரு பிரதிப் பழுதுகளுக்கு வாய்ப்பு கூடுதல். ஆனால் வேறு பல குழந்தைகளுக்குப் பீட்டா செல் இருக்கும், இன்சுலினும் அதற்குள் இருக்கும். பொட்டாசியத்தை வெளியே விடும் வழி மூடாததால் இன்சுலின் வெளியேறாது. கிளிபென்கிளமைடு என்ற பழைய, விலை மலிவான மாத்திரை அந்த வழியை மூடிவிடுகிறது. உலகெங்கும் இப்படிப் பல குழந்தைகள் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். யாருக்கு மாத்திரை போதும் என்பதை மரபணுப் பரிசோதனை சொல்லிவிடும்; சென்னையில் அதற்கான ஆராய்ச்சி வசதி உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இன்சுலின் ஊசி தொடங்கப்பட்டிருந்தால், ஊசியைத் தாமாக நிறுத்தாமல், இந்தப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி குழந்தை மருத்துவரிடம் பெற்றோர் கேட்க வேண்டும்.